வைக்கோல் கட்டு வீட்டுக்குத் தீப் பாதுகாப்பு ஒப்புதல் வாங்குவது எப்படி: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் கட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகளைச் சுவராக அடுக்கி இரு பக்கமும் பூசுவதுதான் வைக்கோல் கட்டு வீடு. அப்படிப்பட்ட வீட்டின் பிளானோடு நகராட்சிக்குப் போகிற பலர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் தயாராகிப் போகிறார்கள்: "வைக்கோல் எரியாதா?" அதற்கான பதிலை நாலு பக்கம் அச்சடித்து எடுத்துக்கொண்டும் போவார்கள். ஆனால் விஷயம் தெரிந்த தீயணைப்பு அதிகாரி அதைக் கேட்க மாட்டார். "சுவரின் மேல் முனையில் பூச்சு எங்கே முடிகிறது?" என்று கேட்பார். அங்கேதான் ஆள் திணறுகிறார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக் பக்கம் இப்படிப்பட்ட பிளான்களை வரைந்து, சமர்ப்பித்து, திரும்பி வந்ததைத் திருத்தி, கடைசிச் சான்றிதழ் வரை கூடவே போயிருக்கிறேன். எந்த வேலைக்கு முன் எந்த வேலை என்பதுதான் இதில் முக்கியம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எதை நிரூபிக்க வேண்டும் என்பதில் தெளிவாகுங்கள்

உதிரி வைக்கோல் பற்றிக்கொண்டால் நொடியில் எரியும். அதை மறைத்துப் பேசாதீர்கள். இறுக்கிக் கட்டி இரு பக்கமும் பூசிய வைக்கோலுக்குள் காற்று போவதில்லை, அதனால் தீ உள்ளே ஓடுவதில்லை. நீங்கள் நிரூபிக்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த வீட்டில் எந்த இடத்திலும் வைக்கோலுக்குக் காற்று கிடைக்காது.

இதற்குச் சோதனை ஆதாரம் இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சிறிய மாதிரிச் சுவர்களைச் சோதித்தார்கள். பூசாத கட்டுச் சுவர் 34 நிமிடம் நின்றது. பூசிய சுவர் 2 மணி நேரம் தாங்கியது. 2006-இல் டெக்சாஸில் முழு அளவுச் சுவர்களை ஏஎஸ்டிஎம் ஈ119 என்ற அமெரிக்கத் தீச் சோதனை முறைப்படி சோதித்தபோது களிமண் பூச்சுச் சுவருக்கு 1 மணி நேரமும் சிமென்ட்-சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு 2 மணி நேரமும் தகுதி கிடைத்தது.

அந்தச் சோதனையில் உலையின் சூடு 60 நிமிடத்தில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சுவரின் மறுபக்கத்தில் சராசரிச் சூடு, தொடக்கத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. தீ ஊடுருவக் கூடாது, சுவரும் விழக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் இதே வகைச் சோதனைக்கு, சான்ஸ் என்ற தேசியத் தர நூல்களில் 10177-இன் 2-ஆம் பகுதி இருக்கிறது. அதிகாரியிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். அவருக்குப் பழக்கமான அளவுகோல் அதுதான்.

2. எந்த வழியில் ஒப்புதல் கேட்கிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் சட்டம், அதாவது தேசியக் கட்டட விதிமுறைச் சட்டம். விதிகளை எப்படி நிறைவேற்றுவது என்பதை சான்ஸ் 10400 சொல்கிறது. அதில் தீக்கு டி (T) பகுதி, சுவருக்கு கே (K) பகுதி.

செங்கல் வீடு கட்டுகிறவர் அந்தப் புத்தகத்தில் உள்ள தயார் விதியைப் பின்பற்றினால் போதும். வைக்கோல் கட்டுச் சுவருக்கு அப்படித் தயார் விதி கிடையாது. மிச்சம் இரண்டு வழி. ஒன்று, வழக்கத்தில் இல்லாத கட்டுமான முறைகளை மதிப்பிட்டுச் சான்று தரும் அக்ரெமென்ட் சவுத் ஆப்பிரிக்கா நிறுவனத்தின் சான்றிதழ். ஒரே கட்டுமான முறையைப் பல வீடுகளுக்கு விற்கிற கம்பெனிக்கு அது பொருந்தும். சொந்த வீடு ஒன்று கட்டுகிறவருக்குச் செலவும் காலமும் கட்டுப்படியாகாது. மற்றது, தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் கணக்கும் ஆதாரமும் காட்டிக் கையெழுத்துப் போடும் வழி. உங்களுக்கு இதுதான்.

இதை முதலிலேயே முடிவு செய்யாமல் போகிறவர்கள் கவுன்டரில் "அக்ரெமென்ட் சான்றிதழ் எங்கே?" என்ற கேள்வியோடு திரும்பி வருகிறார்கள். "நாங்கள் நிபுணர் மதிப்பீட்டு வழியில் வருகிறோம்" என்பது முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

3. வரைவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

எல்லைக் கோட்டிலிருந்து சுவர் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதைச் சுவரின் தீத் தாங்கும் திறனும் அந்தப் பக்கத்து ஜன்னல்களின் பரப்பும் சேர்ந்து முடிவு செய்யும். மனை சின்னதாக இருந்தால், பக்கத்து வீட்டைப் பார்த்த சுவரில் ஜன்னலைக் குறைக்க வேண்டி வரும். எல்லாம் வரைந்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் பிளானையே புரட்டிப் போட வேண்டியிருக்கும்.

கூரைக்குப் புல் வேய நினைத்தால் இன்னொரு தடவை யோசியுங்கள். 20 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புல்கூரை எந்த எல்லையிலிருந்தும் 4.5 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். அது தவிர, வைக்கோல் சுவரும் புல்கூரையும் ஒரே விண்ணப்பத்தில் போனால் இரண்டு சண்டையை ஒன்றாகப் போட வேண்டும். முதல் வீட்டுக்குத் தகரக் கூரை போடுங்கள் என்பதே என் யோசனை.

மாகாணத்தின் உட்பகுதி மேட்டுநிலமான மிட்லண்ட்ஸ் பக்கம் என்றால் குளிர்காலக் காட்டுத்தீயை மறக்க முடியாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காய்ந்த புல்லின் மேல் மலைக்காற்று வீசும்போது தீ ஓடும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் சட்டப்படி, காட்டுத்தீ தொடங்கவோ பரவவோ கூடிய நிலத்தின் சொந்தக்காரர் தீத்தடுப்புப் பாதை வெட்டி வைக்க வேண்டும். டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புக் காட்டை ஒட்டிக் கட்டுகிறவர்கள், வெட்டுக்கு முன் கரும்பு கொளுத்தும் நாளில் பறந்து வரும் தீக்கங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவற்றோடு தீயணைப்பு வண்டி வரும் வழி, திரும்பும் இடம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் மனைப் படத்தில் குறியுங்கள். அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே காட்டிவிட்டால் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும்.

4. ஆட்களைச் சந்திக்கும் வரிசை

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பிளான் வரைபவரிடம் போவார்கள். அப்புறம் நகராட்சி. மறுத்த பிறகுதான் என்ஜினியரைத் தேடுவார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

முதலில் நகராட்சியின் தீயணைப்புப் பிரிவில் நேரம் கேட்டு, ஒரு பக்கக் கைவரைபடத்தோடு போய்ப் பேசுங்கள். ஒப்புதல் கேட்காதீர்கள். "எந்தச் சோதனை அறிக்கைகளை ஏற்பீர்கள், எத்தனை நிமிடத் தகுதி எதிர்பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதிகாரி மாறிவிட்டால் அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குத் துணை.

இரண்டாவது, தீப் பொறியியலில் தகுதி உள்ள நிபுணர். அவரை நியமிக்க சான்ஸ் 10400 ஏ (A) பகுதியின் படிவம் 2 வேண்டும். அவரை நகராட்சி ஏற்றுக்கொண்டால்தான் அவர் கையெழுத்துக்கு மதிப்பு. சுவரே பாரம் தாங்குமா, மரச்சட்டம் தாங்குமா என்பதைப் பார்க்கக் கட்டமைப்பு என்ஜினியர் தனி. மரச்சட்டம் பாரம் தாங்க, கட்டுகள் நிரப்பியாக நிற்கும் முறையில் ஒப்புதல் எளிது. கூரையை முதலில் போட்டுவிட்டு அதன் நிழலில் கட்டுகளை அடுக்கலாம் என்பது இன்னொரு நன்மை.

மூன்றாவதாகத்தான் வரைபவர். அவர் தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

5. ஆதாரக் கோப்பு: உங்கள் சுவரும் சோதித்த சுவரும் ஒன்றுதானா?

இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். 2 மணி நேரத் தகுதி பெற்ற அறிக்கையை இணைத்திருப்பார்கள். அது சிமென்ட் பூச்சுச் சுவர். இவர்கள் வரைந்திருப்பது களிமண் பூச்சு. அதிகாரி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு கோப்பில் உள்ள எதையும் நம்ப மாட்டார்.

அதனால் ஒரு ஒப்பீட்டுத் தாள் தயாரியுங்கள். ஒரு பக்கம் சோதித்த சுவர், மறுபக்கம் உங்கள் சுவர். கட்டின் தடிமன், கட்டைப் படுக்கப் போட்டதா நிமிர்த்தி வைத்ததா, அடர்த்தி, பூச்சின் வகை, பூச்சின் கனம், கம்பி வலை உண்டா இல்லையா, இடைவெளியை எதால் அடைத்தார்கள். ஒவ்வொரு வரியிலும் உங்கள் சுவர் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். எங்காவது குறைந்தால் ஏன் பரவாயில்லை என்று நிபுணர் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு 2015 பதிப்பிலிருந்து வைக்கோல் கட்டுக்கென்றே ஒரு பின்னிணைப்பு வைத்திருக்கிறது. அதற்கு இங்கே சட்ட பலம் இல்லை. ஆனாலும் நிபுணரின் மதிப்பீட்டுக்கு நல்ல முதுகெலும்பு. இரு பக்கமும் குறைந்தது 25 மில்லிமீட்டர் பூச்சு, கட்டின் உலர் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 104 கிலோவுக்குக் குறையாமை, ஈரம் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமை ஆகியவை அங்கிருந்து எடுக்கத் தக்க அளவுகள்.

6. வரைபடத்தில் ஆறு இடங்களைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்

பூச்சு எங்கே அறுபடுகிறதோ அங்கே தீ நுழையும். பொதுவான குறுக்கு வெட்டுப் படம் ஒன்று போதாது. இந்த இடங்களை 1:10 அளவில் தனித்தனியாக வரையுங்கள்.

சுவரின் உச்சி. இதுதான் முதல் குற்றவாளி. ஒரு வீட்டில் எல்லாம் அழகாக முடிந்திருந்தது. வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, மூலைகள்கூட உருட்டி முடித்தது. சோதிக்க வந்த தீயணைப்பு அதிகாரி பேசாமல் ஏணி கேட்டார். கூரைக்குள் ஏறும் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தார். உட்கூரைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் பூச்சே இல்லாமல் மஞ்சளாக நின்றது. கொத்தனார் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தோடு நிறுத்தியிருந்தார். உட்கூரையை ஒரு பக்கம் பிரித்து மறுபடி பூச மூன்று வாரம் ஆனது. பூச்சு சுவரின் தலை மேல் ஏறி மறுபக்கப் பூச்சோடு சேர வேண்டும், இல்லையென்றால் எரியாத பலகையால் மூடி ஓரங்களை அடைக்க வேண்டும். உட்கூரை போடுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

ஜன்னல், கதவு ஓரங்கள். மரச்சட்டத்துக்கும் கட்டுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து எப்போதும் இருக்கும். அதில் உதிரி வைக்கோலைத் திணித்து மேலே பூசிவிடுவது வழக்கமான தவறு. களிமண் குழம்பில் தோய்த்த வைக்கோலைத்தான் அடைக்க வேண்டும்.

சுவிட்ச், பிளக் பெட்டிகள். பெட்டிக்காகக் கட்டில் பள்ளம் தோண்டும்போது உள்ளே பூச்சில்லாத குழி உருவாகிறது. குழியை முதலில் களிமண்ணால் மெழுகிவிட்டு அப்புறம் பெட்டியை வையுங்கள். வயர் முழுவதும் குழாய்க்குள் போகட்டும். மெயின் போர்டைச் செங்கல் சுவரில் வைப்பதே நல்லது.

புகைபோக்கி. சுவரைத் துளைத்துக்கொண்டு போக விடாதீர்கள், நேராகக் கூரை வழியே எடுங்கள். அடுப்புத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை மில்லிமீட்டரில் வரைபடத்தில் எழுதுங்கள். இறைச்சி சுடும் பிராய் அடுப்பு வைப்பதென்றால் வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தனியாகச் செங்கலில் கட்டுங்கள்.

பலகை அல்லது ஓடு ஒட்டிய சுவர். குளியலறையிலோ சமையலறையிலோ பலகை அடித்து அழகுபடுத்துகிறார்கள். "பலகை மறைத்துவிடும், பூச்சு எதற்கு?" என்று பூச்சை விட்டுவிட்டால், பலகைக்கும் வைக்கோலுக்கும் நடுவில் உள்ள காற்றுச் சந்து ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். தீ சரசரவென்று மேலேறும். முதலில் பூச்சு, பிறகுதான் பலகை.

சாமி மேடை. நம் வீடுகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். குத்துவிளக்கும் கற்பூரமும் தினமும் எரிகிற இடத்தை மரப் பலகை பதித்த மாடக்குழியாக வரைந்து வந்த பிளான்களைப் பார்த்திருக்கிறேன். மாடத்தின் முதுகுக்கும் மேற்புறத்துக்கும் செங்கல் வையுங்கள். அதுவும் வரைபடத்தில் இருக்கட்டும். அதிகாரிக்கு நம் வழக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நாம்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

7. சமர்ப்பித்தல்

500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால் 30 நாளிலும், அதற்கு மேல் என்றால் 60 நாளிலும் நகராட்சி முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. நகராட்சி தீப் பாதுகாப்புப் படம் கேட்டால், கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பரிந்துரையில் தலைமைத் தீயணைப்பு அதிகாரியின் அறிக்கையும் சேரும். கேட்கும் வரை காத்திருக்காமல் அந்தப் படத்தை முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணங்களை மட்டும் திருத்தி ஓராண்டுக்குள் மறுபடி கொடுத்தால் கூடுதல் கட்டணம் கிடையாது. கோபத்தில் புது பிளானே போடுகிறவர்கள் இந்தச் சலுகையை இழக்கிறார்கள். ஒப்புதல் 12 மாதம் செல்லும், அதற்குள் வேலை தொடங்க வேண்டும்.

புது வீட்டை என்.எச்.பி.ஆர்.சி. என்ற தேசிய வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் பதிவு செய்ய வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்கும் இப்போதே எழுதி, "வைக்கோல் கட்டுச் சுவர்" என்ற வார்த்தையோடு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. கட்டு வாங்கும்போது

நம் மாகாணத்தில் எளிதாகக் கிடைப்பது மாட்டுக்குப் போடும் எராக்ரோஸ்டிஸ் புல் கட்டு. அது தீவனம். கோதுமையோ பார்லியோ அறுத்த பின் மிஞ்சும் தண்டுதான் வைக்கோல். அது பெரும்பாலும் ஃப்ரீ ஸ்டேட், வெஸ்டர்ன் கேப் பக்கமிருந்து வர வேண்டும். புல் கட்டில் இலையும் விதையும் இருக்கும், எலியும் பூஞ்சையும் சேரும். சோதனை அறிக்கைகளில் உள்ள பொருளும் அது இல்லை. விலை குறைவு என்று அதை வாங்கினால் 5-ஆம் படியில் நீங்கள் போட்ட ஒப்பீட்டுத் தாள் பொய்யாகிவிடும்.

வண்டியிலிருந்து இறக்கும்போதே பத்துக் கட்டை எடை போடுங்கள். 900 மில்லிமீட்டர் நீளம், 450 அகலம், 350 உயரம் உள்ள கட்டின் கன அளவு 0.142 கன மீட்டர். 104-ஆல் பெருக்கினால் 14.7 கிலோ. அது உலர் எடை. தராசு காட்டும் எடையில் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால், ஈரத்தின் எடையைக் கழித்த பின் 14.7 கிலோவுக்குக் கீழே வரும் கட்டைத் திருப்பி அனுப்புங்கள். நீளக் குச்சி உள்ள ஈரமானியைக் கட்டின் நடுவில் குத்திப் பாருங்கள். எடை, ஈரம், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நிபுணர் கடைசியில் கேட்கப்போவது இந்த நோட்டைத்தான்.

9. பூசும் வரை உள்ள வாரங்கள்

வைக்கோல் வீட்டுக்கு உண்மையான ஆபத்து இந்த நாட்களில்தான். கட்டை அறுத்து அளவாக்கும்போது தரையெல்லாம் கணுக்கால் அளவுக்கு உதிரி வைக்கோல் கிடக்கும். அந்த நேரத்தில் ஒருவர் கிரைண்டரைப் போட்டால் போதும்.

அதனால் வெல்டிங், கிரைண்டர், கூரையின் நீர்த்தடுப்புத் தாளை கேஸ் சுடரால் ஒட்டும் வேலை எல்லாமே கட்டு வந்து இறங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வந்தால் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். சிகரெட் பிடிக்கிற இடம் வேலிக்கு வெளியே. மாலையில் வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கி உதிரியை மனைக்கு வெளியே கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஹோஸ் பைப் எப்போதும் குழாயில் மாட்டியே இருக்கட்டும், 9 கிலோ தீயணைப்பான் இரண்டு கைக்கெட்டும் தூரத்தில். சுவர் எழுந்த அன்றே மெல்லிய களிமண் குழம்பை அடித்துவிடுங்கள். முதல் பூச்சு வரும் வரை பொறி பட்டாலும் பற்றாமல் அது ஓரளவு காக்கும்.

சுவருக்குள் எங்காவது புகைந்தால், வெளியே தண்ணீர் ஊற்றிவிட்டு அணைந்துவிட்டது என்று போகாதீர்கள். வைக்கோலுக்குள் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டை வெளியே இழுத்து நனைக்க வேண்டும். இரவு முழுதும் ஆள் காவல் இருக்க வேண்டும்.

10. மூடுவதற்கு முன் படம் எடுங்கள்

பூச்சு காய்ந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நிபுணரும் தான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டார். அடைத்த சந்துகள், மெழுகிய பிளக் குழிகள், சுவரின் உச்சி, கம்பி வலை, எல்லாவற்றையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுங்கள். எந்த அறை, எந்தச் சுவர் என்று ஒரு அட்டையில் எழுதி அதையும் படத்துக்குள் வையுங்கள்.

பூச்சின் கனத்துக்கு ஒரு எளிய வழி: 25 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி மூங்கில் குச்சிகளை மீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் செருகுங்கள். பூசி முடித்ததும் குச்சி மறைந்திருக்க வேண்டும். கொத்தனாரோடு வாக்குவாதமே வராது.

நிபுணரை மூன்று முறையாவது வரவழையுங்கள்: கட்டு அடுக்கிய பின், முதல் பூச்சுக்குப் பின், உட்கூரைக்கு முன்.

11. கடைசிச் சான்றிதழும் அதற்குப் பிறகும்

கட்டமைப்பு என்ஜினியரும் தீ நிபுணரும் படிவம் 4-இல் தனித்தனியாக முடிவுச் சான்று தர வேண்டும். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனின் மின் சான்றிதழ், கேஸ் இருந்தால் அதற்கும் ஒன்று. இவற்றைச் சேர்த்துக் கொடுத்துக் குடியேறும் சான்றிதழ் கேளுங்கள். விண்ணப்பித்த 14 நாளில் முடிவு வர வேண்டும். அது கையில் வராமல் சாமான் ஏற்றாதீர்கள். இடையில் ஏதாவது நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

குடிவந்த பிறகு சுவரைத் துளைக்கிற யாரையும் தனியாக விடாதீர்கள். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் மாட்ட வருகிறவருக்கு இது வைக்கோல் சுவர் என்று தெரியாது. நாலு பெரிய ஓட்டை போட்டு லித்தியம் பேட்டரியை அதிலேயே தொங்கவிட்டுப் போய்விடுவார். பேட்டரியும் இன்வெர்ட்டரும் வெளியே செங்கல் அறையில் இருக்கட்டும். மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி வையுங்கள்: வெளிச்சுவர் வைக்கோல் கட்டு, துளைத்தால் அன்றே களிமண்ணால் அடைக்க வேண்டும், தீ என்றால் சுவரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலும் சூலுவிலும் எழுதுங்கள். வேலைக்கு வருகிறவரும் தீயணைப்பு வீரரும் படிக்க வேண்டிய தாள் அது.